அவர் சொன்னதை எடுத்து அவரிடமே பேசுங்கள்: வசனத்தை ஜெபமாக்கும் வழி

ஜெபிக்க உட்கார்ந்தால் இரண்டு நிமிடத்தில் வார்த்தை தீர்ந்துபோகிறது என்று சொல்லும் விசுவாசிகள் நிறையப் பேர். "ஸ்தோத்திரம் ஆண்டவரே, பிள்ளைகளை ஆசீர்வதியும், வேலையை ஆசீர்வதியும், எல்லாருக்கும் சுகத்தைத் தாரும், ஆமென்." மறுநாளும் இதே வரிசை, அதற்கடுத்த நாளும் இதே. கொஞ்ச நாளில், தனக்கு ஜெப ஆவியே இல்லை என்று மனம் சோர்ந்துபோகிறது. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அன்பு இருக்கிறது, தேவையும் இருக்கிறது, பேச வார்த்தைதான் அகப்படவில்லை.

அதே வீட்டில் வசனத்துக்குக் குறைவே கிடையாது. நிலைவாசலுக்கு மேலே "கர்த்தர் உன் போக்கையும் உன் வரத்தையும் காப்பார்" என்று ஸ்டிக்கர், தினசரி காலண்டர் தாளில் ஒன்று, டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை பைபிளுக்குள்ளே, விடிந்ததும் வாட்ஸ்அப்பில் நாலைந்து பேர் அனுப்பும் படங்கள். வசனம் சுவரில் இருக்கிறது, ஜெபம் பாயில் இருக்கிறது, இரண்டும் சந்திப்பதில்லை. சந்திக்கவைப்பது எப்படி என்றுதான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஜெபத்தில் பேச்சை ஆரம்பிப்பது நாம் இல்லை. அவர் ஏற்கெனவே பேசியிருக்கிறார், நாம் பதில் சொல்கிறோம். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பதில் சொல்ல வேண்டுமென்றால் எதிரில் இருப்பவர் என்ன சொன்னார் என்று முதலில் காதுகொடுத்துக் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

வேதத்தில் ஜெபித்தவர்கள் இப்படித்தான் ஜெபித்திருக்கிறார்கள். ஏசா நானூறு பேரோடு வருகிறான் என்று கேட்டு நடுங்கிப்போன யாக்கோபு என்ன செய்தான்? "உன் தேசத்துக்குத் திரும்பிப்போ, உனக்கு நன்மை செய்வேன் என்று நீர் சொல்லியிருக்கிறீரே" என்று கர்த்தர் சொன்னதையே எடுத்து அவரிடம் பேசினான் (ஆதியாகமம் 32). எருசலேமின் அலங்கம் இடிந்துகிடப்பதைக் கேள்விப்பட்ட நெகேமியா, மோசேக்குக் கொடுத்த வார்த்தையை நினைத்தருளும் என்று கேட்டார். தானியேல் எரேமியாவின் தீர்க்கதரிசனத்தில் எழுபது வருஷம் என்று வாசித்தார், வாசித்த கையோடு இரட்டும் சாம்பலுமாக ஜெபத்தில் உட்கார்ந்தார். மீன் வயிற்றிலிருந்து யோனா செய்த ஜெபத்தை எடுத்துப் பாருங்கள், முக்கால்வாசி சங்கீதங்களின் வார்த்தைகள். அந்த இருட்டில் அவன் கையில் புத்தகம் ஏது? சின்ன வயதிலிருந்து காதில் விழுந்து மனதில் தங்கியது நெருக்கத்தில் வாய்வழியே வந்தது. அப்போஸ்தலர் 4-இல் பேதுருவும் யோவானும் மிரட்டி அனுப்பப்பட்ட பிறகு சபை கூடி ஜெபித்ததும் இரண்டாம் சங்கீதத்தைச் சொல்லித்தான். எல்லாவற்றுக்கும் மேலே, சிலுவையில் நம் ஆண்டவர். "என் தேவனே, என் தேவனே, ஏன் என்னைக் கைவிட்டீர்" என்பது 22-ஆம் சங்கீதம். "உம்முடைய கைகளில் என் ஆவியை ஒப்புவிக்கிறேன்" என்பது 31-ஆம் சங்கீதம். தேவகுமாரனே கடைசி மூச்சில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்த ஜெபத்தை எடுத்துக்கொண்டார் என்றால், சொந்தமாக வார்த்தை வரவில்லையே என்று நாம் வெட்கப்பட என்ன இருக்கிறது?

எங்கே தொடங்குவது

23-ஆம் சங்கீதத்தில் தொடங்குங்கள். எல்லாருக்கும் மனப்பாடம், அதனாலேயே யாரும் நின்று பார்ப்பதில்லை. முதல் மூன்று வசனமும் தாவீது கர்த்தரைப் பற்றிப் பேசுகிறார்: "அவர் என்னைப் புல்லுள்ள இடங்களில் மேய்த்து", "அவர் என் ஆத்துமாவைத் தேற்றி". நாலாம் வசனத்தில் மரண இருளின் பள்ளத்தாக்கு வருகிறது. அங்கே சட்டென்று பேச்சு திரும்புகிறது: "தேவரீர் என்னோடேகூட இருக்கிறீர், உமது கோலும் உமது தடியும் என்னைத் தேற்றும்." வெளிச்சத்தில் அவரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவர், இருட்டு வந்ததும் அவரிடமே பேசத் தொடங்கிவிட்டார். வசனத்தை ஜெபமாக்குவதென்றால் செய்ய வேண்டிய முதல் காரியம் இந்தத் திருப்பம்தான். "அவர்" என்று இருப்பதை "நீர்" என்று ஆக்குங்கள். "உன்னை" என்று இருக்கும் இடத்தில் "என்னை" என்று வையுங்கள், அல்லது யாருக்காக ஜெபிக்கிறீர்களோ அவர் பெயரை வையுங்கள்.

ஸ்கேன் ரிப்போர்ட்டுக்காக ஆஸ்பத்திரி வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலியில் காத்திருக்கும் ஒரு அம்மா இந்தச் சங்கீதத்தை இப்படிப் பேசலாம்: "கர்த்தாவே, நீர் என் மேய்ப்பர். நான் தாழ்ச்சியடையேன் என்று சொல்ல இப்போது எனக்கு வாய் வரவில்லை, ஆனாலும் சொல்லுகிறேன். என்னைப் புல்லுள்ள இடத்தில் மேய்க்கிறவர் நீர். இந்த வராந்தா எனக்குப் புல்லுள்ள இடமாகத் தெரியவில்லை, கால் நடுங்குகிறது. என் ஆத்துமாவைத் தேற்றும். இது பள்ளத்தாக்கு என்றால் நீரும் இதற்குள்ளே இருக்கிறீர் என்று எழுதியிருக்கிறது. உள்ளே கூப்பிடும்போது என்னோடேகூட வாரும். டாக்டர் என்ன சொன்னாலும் அதைக் கேட்கப் பெலன் தாரும்."

இதில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஒரு வரி வசனம், அதற்குக் கீழே ஒரு வரி உள்ளபடி இருக்கும் நிலைமை, மறுபடி ஒரு வரி வசனம். வசனம் மட்டும் சொன்னால் ஒப்பிப்பதாகிவிடும், நிலைமையை மட்டும் சொன்னால் புலம்பிக்கொண்டே இருந்துவிடுவோம். இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லும்போது பயம் கொஞ்சம் கொஞ்சமாக அவர் கைக்குப் போகிறது. "தாழ்ச்சியடையேன்" என்று சொல்ல வாய் வரவில்லை என்று அவரிடமே சொல்லலாமா என்றால், தாராளமாகச் சொல்லலாம். மாற்கு 9-இல் பிள்ளையைக் கொண்டுவந்த தகப்பன், விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும் என்று ஒரே மூச்சில் இரண்டையும் சொன்னான். பிள்ளை சுகமானது.

பைபிள் தமிழில் பேசிப் பழக்கம் இல்லாதவர்கள் "தேவரீர்", "தந்தருளும்" என்றெல்லாம் கஷ்டப்பட வேண்டாம். வசனத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் இருக்கிறபடியே வாசியுங்கள், அந்த ஓசை மனதில் தங்கும். அடுத்த வரியை நீங்கள் வீட்டில் பேசுகிற தமிழில் பேசுங்கள். நெல்லைத் தமிழோ நாஞ்சில் தமிழோ யாழ்ப்பாணத் தமிழோ, அவருக்குப் புரியும். கத்தோலிக்கர்கள் திருவிவிலியத்தை வைத்தே இதைச் செய்யலாம், முறையில் எந்த வித்தியாசமும் இல்லை. சங்கீதம் என்று நான் எழுதுமிடத்தில் திருப்பாடல் என்று எடுத்துக்கொள்ளுங்கள், சிலவற்றின் எண் மட்டும் பழைய பதிப்புகளில் ஒன்று முன்பின்னாக இருக்கும்.

யாரிடம் சொன்னது, எப்போது சொன்னது

இந்த இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும். வசனத்தைக் கையில் எடுத்தவுடன் அதைக் காசோலை போல தேவனிடம் நீட்டும் பழக்கம் நம் சபைகளில் அதிகமாகிவிட்டது. "எழுதியிருக்கிறது, ஆகவே கொடுத்தாக வேண்டும்." இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு மத்தேயு 4 ஞாபகம் வரும். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, "உம்மைக்குறித்துத் தம்முடைய தூதர்களுக்குக் கட்டளையிடுவார்" என்று 91-ஆம் சங்கீதத்தை எடுத்து நீட்டினது யார்? பிசாசு. வசனம் சரிதான், அதைப் பிடித்த கைதான் தவறு. ஆண்டவர் அதற்கு இன்னொரு வசனத்தால்தான் பதில் சொன்னார்: உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக.

அதனால் ஒரு வசனத்தை ஜெபமாக்குமுன் அதற்கு மேலே ஐந்து வசனம், கீழே ஐந்து வசனம் வாசித்துவிடுங்கள். இதற்கு வேதாகமக் கல்லூரி படிப்பு வேண்டாம். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்" என்பதை வருஷ வாக்குத்தத்தமாக எத்தனையோ பேர் பெற்றிருப்பார்கள். உபாகமம் 28:13-ஐ முழுதாக வாசித்தால், கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்று அதற்கு முன்னாலேயே இருக்கிறது. அட்டையில் அந்தப் பகுதிக்கு இடம் இருப்பதில்லை. அப்படியானால் அந்த வசனத்தை ஜெபிக்கக்கூடாதா? ஜெபிக்கலாம், முழுசாக ஜெபியுங்கள்: "கர்த்தாவே, உம்முடைய வார்த்தைக்கு நான் செவிகொடுக்காத இடம் எது என்று காட்டும். கடையில் எடையில், கணக்கில், வேலைக்காரருக்குக் கொடுக்கும் கூலியில் என்னைத் திருத்தும். என்னை உயர்த்தினால் உமக்குக் கீழ்ப்படிகிறவனாக உயர்த்தும்." எரேமியா 29:11-ம் அப்படித்தான். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்பது பாபிலோனில் அடிமைகளாக இருந்தவர்களுக்கு வந்த கடிதத்தில் உள்ள வரி. அதற்கு முந்தின வசனத்தில், எழுபது வருஷம் முடிந்தபின்புதான் சொந்த தேசத்துக்குத் திரும்புவீர்கள் என்று இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கேட்ட வயதானவர்களில் பலர் அந்தத் திரும்புதலைக் கண்ணால் பார்த்திருக்க முடியாது. இது தெரிந்து ஜெபித்தால் வசனம் சிறியதாகிவிடாது, நம் வேண்டுதலுக்கு நிதானம் வருகிறது: "ஆண்டவரே, விசா இந்த மாதம் வராவிட்டாலும் உம்முடைய நினைவுகள் மாறவில்லை என்று நான் நம்ப உதவிசெய்யும். நான் இருக்கிற இந்த ஊரிலேயே வீடு கட்டித் தோட்டம் போட்டு வாழ எனக்கு மனது தாரும்." வீடுகளைக் கட்டுங்கள், தோட்டங்களை நாட்டுங்கள் என்பதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு" என்பதைப் பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளின் ஹால் டிக்கெட் பின்னால் எழுதித் தருகிறோம். பவுல் அதைக் கட்டுண்டிருந்த நிலையில் எழுதினார். முந்தின வசனம் தாழ்ந்திருக்கவும் தெரியும், வாழ்ந்திருக்கவும் தெரியும், பட்டினியாயிருக்கவும் கற்றுக்கொண்டேன் என்பது. பிள்ளைக்கு அதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்: "மார்க் வந்தாலும் வராவிட்டாலும் தாங்க எனக்குப் பெலன் தாரும்." ரிசல்ட் வரும் நாளில் அந்த ஜெபம் அவர்களை எப்படித் தாங்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

வாக்குத்தத்தத்தை வைத்துக் கேட்பதே தவறு என்று நான் சொல்லவில்லை. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் அநாதைப் பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய ஜார்ஜ் முல்லர் 1835 டிசம்பரில் ஒரு சாயங்காலம் 81-ஆம் சங்கீதத்தை வாசித்துக்கொண்டிருந்தார். "உன் வாயை விரிவாய்த் திற, நான் அதை நிரப்புவேன்" என்ற பத்தாம் வசனம் அவரை நிறுத்தியது. அதுவரை இந்த ஊழியத்தைத் தொடங்கலாமா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர், அன்றைக்கு ஒரு வீடு, ஆயிரம் பவுன், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத் தகுந்த ஆட்கள் என்று பெயர் சொல்லிக் கேட்டார். அடுத்த வருஷம் இல்லம் திறந்தது. அந்த மனிதர் கேட்டது தன் வசதிக்காக இல்லை, திக்கற்றவர்களின் தகப்பன் என்று தன்னைச் சொல்லிக்கொண்ட தேவனுடைய வேலைக்காக. ஆகவே விரிவாகவே திறந்தார். "அவருடைய சித்தத்தின்படி கேட்டால்" என்று 1 யோவான் 5:14 சொல்லுவதும் அதுதான்.

ஒரே வசனத்தில் எப்படி நேரம் செலவிடுவது

மார்ட்டின் லூத்தருக்கு முடிவெட்டிவந்த பேதுரு என்பவர் ஜெபிப்பது எப்படி என்று கேட்டார், அதற்குப் பதிலாக 1535-இல் லூத்தர் எழுதிக்கொடுத்தது ஒரு சின்னப் புத்தகமாகவே வந்தது. அதில் அவர் சொன்ன வழி இன்றைக்கும் எளிது. ஒவ்வொரு கட்டளையையும் எடுத்து நாலு விதமாகப் பார்ப்பாராம்: இது எனக்கு என்ன கற்றுக்கொடுக்கிறது, இதில் எதற்காக நன்றி சொல்லலாம், எதை அறிக்கையிட வேண்டும், எதைக் கேட்க வேண்டும்.

சங்கீதம் 141:3-ஐ எடுப்போம். "கர்த்தாவே, என் வாய்க்குக் காவல்வையும், என் உதடுகளின் வாசலைக் காத்துக்கொள்ளும்." என்ன கற்றுக்கொடுக்கிறது? என் வாயை நானே அடக்கிவிட முடியாது, காவல் வைக்க வெளியிலிருந்து ஒருவர் வேண்டும். எதற்கு நன்றி? நேற்று மதியம் நாத்தனார் போனில் அதைச் சொன்னபோது பதில் நாக்கின் நுனி வரைக்கும் வந்தும் வெளியே வரவில்லையே, அதற்கு. எதை அறிக்கையிட? காலையில் ஸ்கூல் வேன் ஹாரன் அடிக்கிற அவசரத்தில் ஷூ லேஸ் கட்டத் தெரியாத ஆறு வயதுப் பிள்ளையைப் பார்த்து "உன்னால எனக்கு நிம்மதியே இல்ல" என்று சொன்னதை. இங்கே "கோபப்பட்டேன், மன்னியும்" என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். சொன்ன வார்த்தையை அப்படியே அவர் முன்னால் வையுங்கள், வலிக்கும், அந்த வலி நல்லது. பிறகு எதைக் கேட்க? "இன்றைக்குச் சாயங்காலம் அவன் வேனிலிருந்து இறங்கும்போது என் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தையை நீரே காத்துக்கொள்ளும்." இப்படி ஒரு வசனத்துக்குள்ளே பத்து நிமிடம் போவதே தெரியாது. ஜெபம் முடிந்து எழுந்ததும் அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்பதும் தானாகத் தெரிந்துவிடும்.

இருட்டில் இருக்கிறவர்களுக்கு

ஜெபம் என்றாலே துதியில் தொடங்கித் துதியில் முடிய வேண்டும் என்று நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். சங்கீதப் புத்தகம் அப்படி இல்லை. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்?" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. ஆறே வசனம். கேள்வியில் தொடங்கி, வேண்டுதலுக்குப் போய், "நான் உம்முடைய கிருபையின்மேல் நம்பிக்கையாயிருக்கிறேன்" என்று நம்பிக்கையில் முடிகிறது. 88-ஆம் சங்கீதம் அந்த அளவுக்குக்கூடப் போவதில்லை, தோழர்கள் தூரமானார்கள், அறிமுகமானவர்கள் மறைந்துபோனார்கள் என்று இருட்டிலேயே முடிந்துவிடுகிறது. அதையும் பரிசுத்த ஆவியானவர் வேதத்தில் வைத்திருக்கிறார்.

கர்ப்பம் கலைந்துபோன பெண்ணிடம், மகனை விபத்தில் பறிகொடுத்த தகப்பனிடம், "எல்லாவற்றிலேயும் ஸ்தோத்திரம் செய்யுங்கள்" என்ற வசனத்தை முதல் வாரத்திலேயே கொண்டுபோய்க் கொடுக்காதீர்கள். அது உண்மையான வசனம், அதற்கு ஒரு வேளை வரும். இப்போதைக்கு 13-ஐயோ 88-ஐயோ அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாக வாசியுங்கள். நீங்களே அந்த இடத்தில் இருந்தால், "எதுவரைக்கும்" என்ற அந்த ஒரு வார்த்தையை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னாலும் அது ஜெபம்தான். அவரை விட்டு ஓடிப்போய்ப் புலம்பாமல் அவரிடமே வந்து கேட்கிறோம் அல்லவா, அதுவே விசுவாசம். "என் கண்ணீரை உம்முடைய துருத்தியில் வையும்" என்று 56-ஆம் சங்கீதத்தில் ஒரு வரி உண்டு (துருத்தி என்றால் தண்ணீர் வைக்கிற தோல் பை), அழுகிறவர்கள் எல்லாருக்கும் பொருந்தும். அதுவும் முடியாத நாட்களில் ரோமர் 8:26-ஐ நம்பிச் சும்மா உட்கார்ந்திருங்கள், வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு ஆவியானவர் நமக்காக வேண்டிக்கொள்கிறார்.

வியாதியைப் பற்றியும் சொல்ல வேண்டும். "அவருடைய தழும்புகளால் குணமாகிறோம்" என்று ஏசாயா 53-ஐ வைத்து ஜெபியுங்கள், நம்பிக்கையோடு ஜெபியுங்கள். சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் நேரத்துக்குப் போட்டுக்கொண்டு ஜெபியுங்கள். மாத்திரையை நிறுத்துவதுதான் விசுவாசம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தீமோத்தேயுவின் வயிற்றுக்காகக் கொஞ்சம் திராட்சரசம் குடி என்று பவுல் எழுதினார், அவனுக்கு விசுவாசம் இல்லை என்று எழுதவில்லை.

மற்றவர்களுக்காக

பிள்ளை ஹாஸ்டலில், கணவர் துபாயில், தம்பி குடியில். இவர்களுக்காக வருஷக்கணக்கில் ஜெபிக்கிறவர்களுக்கு ஒரே வேண்டுதலைச் சொல்லிச் சொல்லிச் சலித்துப்போகும். பவுல் சபைகளுக்காகச் செய்த ஜெபங்களை எடுத்துக்கொள்ளுங்கள்: எபேசியர் 1, எபேசியர் 3, பிலிப்பியர் 1, கொலோசெயர் 1. அவற்றைப் படிக்கும்போது ஒன்று கண்ணில் படும். வேலை, பணம், பிரயாணம் என்று நாம் முதலில் கேட்கும் எதையும் அவர் அந்த ஜெபங்களில் கேட்கவில்லை. உள்ளான மனுஷனில் பலப்பட வேண்டும், அன்பு அறிவிலும் உணர்விலும் பெருக வேண்டும், உத்தமமானது எது என்று கண்டுகொள்ள வேண்டும் என்று கேட்கிறார். வேலையையும் பணத்தையும் நாம் கேட்கலாம், அன்றன்றைக்கு வேண்டிய ஆகாரத்தைக் கேட்கச் சொன்னவர் ஆண்டவர்தானே. ஆனால் ஹாஸ்டலில் இருக்கும் மகளுக்காகப் பிலிப்பியர் 1:9-ஐ எடுத்து, அவள் பெயரை வைத்து, "யார் நல்ல சிநேகிதி, யார் இல்லை என்று பிரித்துப் பார்க்கும் உணர்வை அவளுக்குத் தாரும், இடறலற்றவளாக அவளைக் காத்துக்கொள்ளும்" என்று ஜெபித்துப் பாருங்கள். பதினெட்டு வயதுப் பெண்ணுக்கு இதைவிடத் தேவையானது என்ன இருக்கிறது?

குடிக்கிற கணவனுக்காக, வீட்டோடு பேசாத மகனுக்காக எசேக்கியேல் 36:26 இருக்கிறது. கல்லான இருதயத்தை எடுத்துப்போட்டு சதையான இருதயத்தைக் கொடுப்பேன் என்ற வசனம். அதை ஜெபிக்கும்போது முதலில் உங்கள் பெயரை வைத்து ஒருமுறை ஜெபித்துவிட்டு அப்புறம் அவர் பெயரை வையுங்கள், வருஷக்கணக்கான வேதனையில் நம் இருதயமும் இறுகிப்போயிருக்கும். அடி உதை இருக்கிற வீடு என்றால் ஜெபத்தோடு நிற்காமல் நம்பகமான ஒருவரிடம் சொல்லிப் பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள். தாவீது சவுலுக்காகப் பொறுமையாக இருந்தார், ஆனால் ஈட்டி பறந்து வந்தபோது விலகித் தப்பி ஓடினார்.

எதிரிகளைப் பற்றிய சங்கீதங்களை என்ன செய்வது என்று பலருக்கும் குழப்பம். 35, 109 போன்றவை கடுமையானவை. சொத்துத் தகராறில் அண்ணனையோ, அடுப்படிச் சண்டையில் மாமியாரையோ "சத்துரு" என்று வைத்து அவற்றை ஜெபிக்காதீர்கள், அது எனக்கு மிகவும் வருத்தம் தரும் பழக்கம். அந்தச் சங்கீதங்களில் பாதிக்கப்பட்டவன் பழிவாங்குதலைத் தன் கையில் எடுக்காமல் நியாயாதிபதியிடம் ஒப்படைக்கிறான். நில அபகரிப்பிலோ, சாதி வெறியிலோ, வேலையிடத்துக் கொடுமையிலோ நிஜமாகவே நசுக்கப்பட்டவர்கள் அவற்றை வாய்விட்டு வாசிக்கலாம்: "கர்த்தாவே, நீர் என் வழக்காளிகளோடே வழக்காடும்." வாசித்து முடித்ததும், உங்களை நிந்திக்கிறவர்களுக்காக ஜெபம்பண்ணுங்கள் என்று ஆண்டவர் சொன்னதையும் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒரே நாளில் முடியாது. முடியாது என்பதையே அவரிடம் சொல்லுங்கள்.

நாளின் நடுவில்

எல்லாருக்கும் காலையில் அரை மணி நேரம் கிடைக்காது. பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறவர்கள், இரவு ஷிஃப்ட் நர்ஸ்கள், கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மார்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு மூச்சில் சொல்லி முடிக்கிற வசனங்கள் நாலைந்து மனப்பாடமாக இருந்தால் போதும். பயம் வரும்போது, "நான் பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன்." என்ன முடிவெடுப்பது என்று தெரியாத மீட்டிங்குக்குள் நுழையும்போது யோசபாத் ராஜா ஜெபித்தது: "நாங்கள் செய்யவேண்டியது இன்னதென்று எங்களுக்குத் தெரியவில்லை, ஆகையால் எங்கள் கண்கள் உம்மையே நோக்கிக்கொண்டிருக்கிறது." தவறு செய்துவிட்ட அந்த நொடியில் ஆயக்காரனின் ஜெபம், "தேவனே! பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்." சம்பளம் வந்த மெசேஜ் பார்த்ததும் 103-ஆம் சங்கீதம், "அவர் செய்த சகல உபகாரங்களையும் மறவாதே." படுக்கும்போது 4:8, "சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரை செய்வேன்." சிங்க்குக்கு மேலே, பைக் சாவி மாட்டுகிற ஆணிக்குப் பக்கத்தில், கம்ப்யூட்டர் ஓரத்தில் துண்டுச்சீட்டில் எழுதி ஒட்டிக்கொள்ளலாம். வாரத்துக்கு ஒருமுறை மாற்றிவிடுங்கள், ரொம்ப நாள் ஒரே இடத்தில் இருந்தால் கண் அதைப் பார்க்காது.

இப்படிச் சொல்லும்போது வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்ற மத்தேயு 6:7 நினைவில் இருக்கட்டும். நூறு தரம் சொன்னால் கேட்பார் என்று எண்ணிக்கை வைக்கத் தேவையில்லை. சொன்னதை மனது தொட்டதா என்று மட்டும் பாருங்கள். மனது அலைந்தால் குற்ற உணர்வில் நேரத்தைப் போக்காமல் நின்ற வரியிலிருந்தே மறுபடி தொடருங்கள். முடிந்தவரை சத்தமாக, அல்லது உதடசைத்தாவது வாசியுங்கள், மனது அலைவது பாதி குறைந்துவிடும்.

வீட்டில் எல்லாரும் சேர்ந்து செய்ய ஒரு வழி சொல்கிறேன், சின்னப் பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். 136-ஆம் சங்கீதத்தில் 26 வசனம், ஒவ்வொன்றும் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று முடியும். செங்கடலைப் பிளந்தது, வனாந்தரத்தில் நடத்தினது என்று இஸ்ரவேலின் கதையைச் சொல்லிச் சொல்லி அந்த வரிக்குத் திரும்புகிறது. குடும்ப ஜெபத்தில் முதல் சில வசனங்களை வாசித்துவிட்டு, அப்புறம் வீட்டின் கதையைச் சொல்லுங்கள். ஒருவர் "அப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கினது" என்று சொல்ல, மற்றவர்கள் "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று சொல்லட்டும். "கரண்ட் பில் கட்ட முடிந்தது." "அவர் கிருபை என்றுமுள்ளது." பிள்ளை "இன்னைக்கு மிஸ் என்னை அடிக்கல" என்று சொல்லும், அதற்கும் அதே பதில். பாட்டி எழுபது வருஷத்துக்கு முந்தின ஒன்றை எடுத்துச் சொல்லுவார், பிள்ளைகள் முதல் தடவையாக அதைக் கேட்பார்கள். கஷ்டமானதையும் சொல்ல விடுங்கள். "தாத்தா செத்துப்போனாங்க" என்று ஒரு குழந்தை சொன்னால் அவசரப்பட்டு வாயை மூடாமல், கொஞ்சம் பொறுத்து, குரல் கம்மினாலும் அந்த வரியைச் சேர்ந்து சொல்லுங்கள். மூல சங்கீதத்திலும் "நம்முடைய தாழ்வில் நம்மை நினைத்தவர்" என்று ஒரு வசனம் இருக்கிறது.

ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்வது நல்லது. தேதி, வசனம், யாருக்காக, ஒரே வரியில் என்ன கேட்டோம், அவ்வளவே. பதில் வந்தால் பக்கத்தில் எழுதுங்கள். "இல்லை" என்று வந்தாலும் எழுதுங்கள், தன் மாம்சத்தில் முள் என்று அவர் சொன்ன வேதனை நீங்க மூன்றுதரம் வேண்டிக்கொண்ட பவுலுக்கு வந்ததும் "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான், அதை அவர் மறைக்காமல் எழுதிவைத்தார்.

எந்த வசனத்தை எடுப்பது என்று தேடியே நேரம் போகிறது என்பவர்களுக்கு ஒரு சுலபமான கணக்கு உண்டு. சங்கீதங்கள் 150, மாதத்துக்கு 30 நாள், ஆக ஒரு நாளைக்கு ஐந்து. இன்றைய தேதி எதுவோ அந்த எண்ணில் தொடங்கி முப்பது முப்பதாகக் கூட்டிக்கொண்டு போங்கள். 12-ஆம் தேதி என்றால் 12, 42, 72, 102, 132. ஐந்தின் முதல் வரிகளையும் சும்மா ஓட்டிப் பாருங்கள், அன்றைய உங்கள் நிலைமைக்கு ஏதாவது ஒன்று பொருந்தும், அதை மட்டும் ஜெபியுங்கள். 31-ஆம் தேதிக்கு 119 இருக்கிறது, 176 வசனம், எட்டெட்டாகப் பிரித்து 22 பகுதி. ஒரு பகுதி போதும். ஒருநாள் விட்டுப்போனால் பின்னால் போய்ப் பிடிக்கப் பார்க்காதீர்கள், அன்றைக்கு என்ன தேதியோ அதை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.